பை ஐஸ் பாளமாகிவிட்டால்: வளையாத ஐஸ் உடைப்பான் செய்வது எப்படி?

கேள்வி: ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். 5 கிலோ பைகளில் ஐஸ் க்யூப் வாங்குகிறேன். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகிவிடுகிறது. தரையில் அடித்தால் பை கிழிகிறது. ஸ்க்ரூடிரைவர் வளைந்துவிட்டது, மரப்பிடி போட்ட ஐஸ் ஊசி இரண்டு முறை பிடியோடு கழன்றுவிட்டது. பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளும்படி ஒரு கருவி சொல்லுங்கள்.

பதில்: பாளம் என்று பார்த்து மலைக்க வேண்டாம். வண்டியில் வரும்போது க்யூப்களின் மேற்பரப்பு லேசாக உருகி, ஃப்ரீசரில் மறுபடி உறைகிறது. ஆகவே க்யூப்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மட்டும் மெல்லிய பாலம்போல ஐஸ் பிடித்திருக்கும். உடைக்க வேண்டியது அந்தப் பாலங்களைத்தான். ஒற்றை ஊசி ஓர் இடத்தில் ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்கிறது. அதை நெம்பி எடுக்கும்போதுதான் வளைகிறது. க்யூப் அளவுக்கு இடைவெளி விட்ட பல முட்கள் இருந்தால் ஒரே குத்தில் நான்கைந்து பாலங்கள் விடும், நெம்பவும் வேண்டியிராது.

வாங்க வேண்டியவை, எல்லாமே எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு கிரேடு): 16 மி.மீ. ராடு 50 செ.மீ., 10 மி.மீ. ராடு 20 செ.மீ., 60க்கு 60 மி.மீ. அளவில் 8 மி.மீ. கனப் பிளேட் ஒன்று, கைப்பிடிக்கு 25 மி.மீ. பைப் (2 மி.மீ. சுவர்) 12 செ.மீ. காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். விலை குறைந்த 202 கிரேடு எஸ்.எஸ்.ஸிலும் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். பழைய அரத்தையோ உளியையோ வெட்டி முள்ளாக்கலாம் என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். அந்த எஃகு கடினமானது, ஆனால் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் கண்ணாடி மாதிரி முறியும், துருவும் பிடிக்கும். முறிந்த நுனி போய்ச் சேருமிடம் யாரோ ஒருவரின் டம்ளர்.

பிளேட்டின் நடுவில் 16 மி.மீ. துளை. அதைச் சுற்றி 40 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளில் 10 மி.மீ. துளைகள். பெரிய ராடு நடுத்துளை வழியாக இறங்கி, கீழே 45 மி.மீ. நீட்டி நிற்கட்டும், தண்டும் நடுமுள்ளும் ஒரே ராடாக இருப்பதால் நடுமுள் வாங்கும் குத்தின் பாரம் வெல்டிங்கில் விழாது. மூலை முட்கள் 40 மி.மீ. நீட்டினால் போதும். நடுமுள் முதலில் இறங்கி விரிசல் விட, மற்றவை அதை அகலப்படுத்தும்.

பெரும்பாலான கருவிகள் கெடுவது அடுத்த வேலையில்தான். முள்ளைப் பிளேட்டின் மேல் நிறுத்தி வைத்துச் சுற்றி வெல்டிங் அடித்தால் சில மாதங்களில் முள் கழன்றுவிடும். துளைக்குள் செருகி, பிளேட்டின் இரு பக்கமும் ஆர்கான் வெல்டிங் (ஆர்கான் வாயு காப்பில் செய்வது) வையுங்கள், உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி 308எல் கிரேடு. முதலில் எதிரெதிர் மூலைகளில் டேக் (சிறு பொட்டு வெல்டிங்) வைத்துவிட்டு முழுத் தையல் போடச் சொல்லுங்கள். 3 மி.மீ. பிளேட் போதும் என்று மிச்சம் பிடித்தால் சூட்டில் கோணி, முட்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

கைப்பிடி டி வடிவில். தண்டு பைப்பின் இரு சுவர்களையும் துளைத்து மேலே வந்து, அங்கே வெல்டிங் ஆகிச் சமமாகத் தேய்க்கப்பட வேண்டும். பைப்பின் இரு முனைகளுக்கும் மூடி அவசியம்; இல்லையேல் உள்ளே தண்ணீர் தங்கி நாறும்.

முள்முனை 60 டிகிரி கூம்பு, நுனியில் 2 மி.மீ. தட்டை. இதைவிடக் கூராக்கினால் ஐஸில் சிக்கும், கையையும் பதம் பார்க்கும். மழுங்கலாக விட்டால் க்யூப் பொடியாகும். இரும்பு தேய்த்த கிரைண்டர் சக்கரத்தையோ இரும்புக் கம்பி பிரஷ்ஷையோ இதில் படவிடக் கூடாது. இரும்புத்தூள் பதிந்து, எஸ்.எஸ். என்று வாங்கியது செந்நிறமாகும். வெல்டிங்கைச் சுற்றியுள்ள நீலக் கறையைப் பட்டறையிலேயே பிக்கிளிங் பேஸ்ட் (வெல்டிங் கறை நீக்கும் பசை) போட்டு எடுத்து நன்றாகக் கழுவித் தரச் சொல்லுங்கள். அது கடும் அமிலம், வீட்டு வேலையல்ல. பெயின்ட், முலாம் எதுவும் வேண்டாம், உரிந்து ஐஸில் கலக்கும்.

முடிந்தபின் கருவி சுமார் ஒன்றேகால் கிலோ நிற்கும். அந்தக் கனமே வேலை செய்யும்: ஒரு சாண் உயரம் தூக்கிப் போட்டால் போதும்.

பையோடு சேர்த்துக் குத்தாதீர்கள், பிளாஸ்டிக் துணுக்கு ஐஸில் போகும். பையை வெளியே பத்து நிமிடம் வைத்து, அடி கனமான எஸ்.எஸ். தொட்டியில் கொட்டி, நடுவை விட்டு ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஓரத்தில்தான் துண்டு விலக இடம் இருக்கிறது. ஃப்ரீசருக்குள் வைத்தே குத்துவது மட்டும் கூடவே கூடாது. உட்சுவருக்குப் பின்னால் குளிரூட்டும் கேஸ் குழாய் ஓடுகிறது, ஒரு துளை விழுந்தால் ஃப்ரீசரே போச்சு.

பையைத் திறக்காமல் தளர்த்த வேண்டுமென்றால் இந்தக் கருவி உதவாது. அகல முகமுள்ள ரப்பர் சுத்தியலால் பையைப் புரட்டிப் புரட்டி நாலு பக்கமும் தட்டுங்கள்.