சனியின் பிளாஸ்மா ஏன் பின்தங்குகிறது?

சனியின் மையத்திலிருந்து அதன் ஆரத்தைப் போல 4 மடங்கு தொலைவில், பிளாஸ்மா (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயு) கோளோடு சேர்ந்தே சுழன்றால் வேகம் நொடிக்கு 39 கி.மீ. வர வேண்டும், காசினி விண்கலத்தின் தரவில் குறைகிறதே, எங்கே தவறு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கு சரிதான். விட்டுப்போனது, ஏறக்குறைய அதே தொலைவில் சுற்றும் சனியின் நிலா என்செலடஸ்.

அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து பீறிடும் நீராவி, நொடிக்குச் சுமார் 12.6 கி.மீ. வேகத்தில்தான் சனியைச் சுற்றுகிறது. வேகமாக வரும் பிளாஸ்மா அயனி (மின்னூட்டம் பெற்ற துகள்) ஒன்று அந்த மெதுவான மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து, நடுநிலையாகிப் பறந்துவிடும். புதிதாகப் பிறந்த அயனியைக் காந்தப்புலம் மறுபடி முடுக்க வேண்டும். அயனிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை, உந்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். இழந்த உந்தத்தைச் சனியின் அயனிமண்டலம் (மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டமுள்ள அடுக்கு) காந்தப்புலக் கோடுகள் வழியே ஓடும் மின்னோட்டத்தால் ஈடுசெய்யப் பார்க்கிறது, முழுதாக முடிவதில்லை; அதனால்தான் பிளாஸ்மா பின்தங்குகிறது.

முதலில் இந்த எலக்ட்ரான் பரிமாற்றத்தை உங்கள் கணக்கு மாதிரியில் சேருங்கள். அப்புறம் வேகத்தைக் காசினி தரவோடு ஒப்பிடுங்கள்.