சட்டைப்பைக்குள் எஞ்சின் ஓடுமா? கேள்வி பதில்

செல்போன், ரேடியோ, லேப்டாப் போன்றவற்றுக்கு பேட்டரியை விட்டுவிட்டு மிகச் சிறிய எஞ்சினால் கரண்ட் கொடுக்க முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் வெப்ப எந்திரங்கள் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இன்வெர்ட்டர் ரிப்பேர் பற்றிய கேள்விகளை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

பள்ளத்தூர், கல்லூரி மாணவர்: லைட்டர் கேஸில் அவ்வளவு சக்தி இருக்காமே சார். பிறகு ஏன் பேட்டரியைக் கட்டி அழுகிறோம்?

நல்ல கேள்வி தம்பி. ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஏறக்குறைய 12,700 வாட்-மணி வெப்பம் கிடைக்கும். நல்ல லித்தியம் அயான் செல் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணிதான். ஐம்பது மடங்கு வித்தியாசம். எஞ்சின் பத்து சதவீதத்தை மட்டும் மின்சாரமாக்கினாலும் எரிபொருளின் எடைக்கு ஐந்து மடங்கு லாபம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சிலிக்கான் தகட்டிலேயே கேஸ் டர்பைன் செதுக்க இறங்கினார்கள். சில மில்லிமீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்குப் பத்து லட்சம் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும் என்பது திட்டம். பெர்க்கிலியில் பிஸ்டன் இல்லாத வாங்கெல் எஞ்சினைச் சின்னதாக்கப் பார்த்தார்கள்.

எங்கே இடறியது? அளவில்தான். எஞ்சினின் நீள அகல உயரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், உள்ளே எரியும் இடம் ஆயிரத்தில் ஒன்றாகிறது; வெப்பத்தை உறிஞ்சும் சுவரோ நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. எரியும் இடத்தோடு ஒப்பிட்டால் சுவர் பத்து மடங்கு பெருத்துவிட்டது. உண்டாகும் சூடு சுவருக்கே போய்விடும். சந்து இன்னும் குறுகினால் சுடரே அணைந்துவிடும். புரொப்பேன், பியூட்டேன் வகை வாயு காற்றோடு கலந்து எரியச் சுமார் 2 மி.மீ. இடைவெளி வேண்டும், ஹைட்ரஜனுக்கு 0.6 மி.மீ. போதும். 1815-ல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பிவலையால் மூடியது இதே விதியை வைத்துத்தான்: வலைக்கண் வழியே சுடர் வெளியே வராது. அங்கே உயிர் காத்த விதி இங்கே எஞ்சினை அணைக்கிறது.

கசிவு இன்னொரு தொல்லை. கார் எஞ்சினில் சில மைக்ரான் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. மில்லிமீட்டர் எஞ்சினில் அழுத்தம் முழுவதும் அந்த வழியாகவே ஓடிவிடும். சிலிக்கான் வேறு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். டர்பைன் பக்கச் சூடு, காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்கு ஏறி அதன் வேலையைக் கெடுக்கும். பாகங்களைத் தனித்தனியே அருமையாக ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் கடையில் வாங்கும் பொருளாக எதுவும் வரவில்லை.

கழிவு வெப்பத்தையும் பாருங்கள். பத்து சதவீத எஞ்சின் 10 வாட்டில் போனுக்கு சார்ஜ் ஏற்றினால், மீதி 90 வாட் சூடு உங்கள் சட்டைப்பையில்.

தேவகோட்டை: ஏரோமாடல் எஞ்சின் 0.8 சிசி-யில் இருக்கே அண்ணே, அதில் டைனமோ மாட்டினால்?

ஓடும். பிளாட்டினம் கம்பி உள்ள குளோ பிளக் மெத்தனாலைப் பற்றவைக்கும், எஞ்சின் அலறும், விளக்கெண்ணெய்ப் புகை வரும், எரிபொருள் சக்தியில் மிகச் சிறிய பங்குதான் மின்சாரமாகும். பொழுதுபோக்குக்குச் செய்யுங்கள். மெத்தனால் விஷம், தோல் வழியாகவும் உள்ளே போகும். குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். எதை எரித்தாலும் வீட்டுக்கு வெளியே.

ஆத்தங்குடி: திருவிழாக் கடையில் விற்கும், திரி ஏற்றினால் ஓடும் தகரப் படகில் கரண்ட் எடுக்கலாமா?

படகை மெல்ல நகர்த்தும் அளவுக்குத்தான் அதற்குச் சக்தி.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: சின்ன ஜெனரேட்டரை வீட்டின் இரண்டாம் கட்டில் வைத்தால் என்ன? முற்றந்தான் திறந்து கிடக்கே.

வேண்டாம் ஆச்சி. முற்றம் திறந்திருந்தாலும் சுற்றியுள்ள அறைகளுக்குப் புகை திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். வீட்டுக்கு வெளியே, சன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி வையுங்கள்.

காரைக்குடி, பேட்டரி ஆய்வு மாணவி: 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, நேரு அடிக்கல் நாட்டிய செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் புகழ் பாடலாமா?

புகழ் பாடவில்லை அம்மா, ஏன் தோற்றது என்றுதான் சொன்னேன். உங்கள் மின்வேதியியல் பக்கமும் ஒன்று உண்டு: 2009-ல் தோஷிபா, மெத்தனாலைச் சுடரில்லாமல் மின்வேதி வினையால் கரண்டாக்கும் ஃப்யூயல் செல் சார்ஜரை ஜப்பானில் 3,000 மட்டும் விற்றது. அது தொடரவில்லை.

அதே மாணவி: ஃப்யூயல் செல் பேட்டரி ஆகாது. பேட்டரிதானே ஜெயித்தது?

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதில் என்று பிரித்துச் சொல்லுங்கள். சில வாட்டுக்குள் பேட்டரியை அசைக்க முடியாது: சத்தமில்லை, உடனே தரும், கேட்ட அளவு தரும். ஒரு கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டரோ ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் மின்சாரமாக்குகிறது. நாள் கணக்கில் ஓட வேண்டுமென்றால் கேன் பெட்ரோலுக்கு ஈடான பேட்டரியைச் சுமக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் பத்து இருபது வாட்டைப் பல நாள் சுமந்து நடக்கிறவனுக்கு எது என்பதில்தான் சண்டை.

பள்ளத்தூர் மாணவர் மறுபடியும்: அந்த நடு இடத்தில் யாராவது ஜெயித்தார்களா?

ஜெயிக்கும் தூரம் வந்தார்கள். ஹாலந்தின் பிலிப்ஸ், கரண்ட் இல்லாத ஊர்களில் ரேடியோ ஓட்ட ஸ்டெர்லிங் எஞ்சின் ஜெனரேட்டரை உருவாக்கியது. எரிப்பு சிலிண்டருக்கு வெளியே நடப்பதால் சத்தம் குறைவு. சுமார் 200 வாட். 1950களில் அது தயாரானபோது டிரான்சிஸ்டர் ரேடியோவும் வந்துவிட்டது. வால்வு ரேடியோ கேட்ட சக்தியில் சிறு துளி போதும் என்றானதும் எஞ்சினுக்கு வேலை இல்லை. அதே காலத்தில் சோவியத் நாட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் மேல், சூட்டை நேராகக் கரண்டாக்கும் வெப்பமின் இரட்டைகளை மாட்டி ரேடியோ கேட்டார்கள். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. என்னைக் கேட்டால் ஆராய வேண்டியது அந்த வழிதான்: பிளாட்டினம் வினையூக்கியில் சுடரில்லாமல் எரித்து, போகும் சூட்டை வரும் காற்றுக்கே ஊட்டுவது. கரண்டாக மாறுவது ஐந்து சதவீதமே என்றாலும் தேய்மானமில்லை. மாணவி இதற்கும் பதில் எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.

கோவிலூர்: லைட்டர் கேஸில் போன் சார்ஜ் ஆகுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கொத்தமங்கலம்: சன்னலைத் திறந்து வைத்து ஜெனரேட்டர் ஓட்டலாமா?

ஆச்சிக்குச் சொன்னதுதான். வெளியே.

குன்றக்குடி: பழனிக்குக் காவடியோடு நடக்கிறோம். போனுக்கு என்ன வழி? ஏதாவது சின்ன எஞ்சின்?

எஞ்சின் வேண்டாம். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 74 வாட்-மணி, இழப்பு போக 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டரை முறை நிரப்பும். தங்கும் இடத்தில் பிளக் கிடைத்தால் முதலில் பவர் பேங்கைப் போடுங்கள், போனை அல்ல. நடக்கும்போது டேட்டாவை அணைத்து வையுங்கள்.