ஏரி கோடி போச்சுன்னா என்ன அர்த்தம்? – பாட்டு வரி கேள்வி பதில்

சினிமாவுக்கு வெளியே, தாங்களே எழுதி, மெட்டுப் போட்டுப் பாடி வெளியிடுகிறவர்களின் பாட்டு வரிகள் பற்றி வடாற்காட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பையன்கள் வெளியிட்ட பாட்டில் ‘ஏரி கோடி போச்சு, எங்கப்பனுக்குக் கோடி வந்துச்சு / சம்மந்தி போட்ட வேட்டி மடிப்பு கலையல / நாத்து விட்டாக்கா நட ஆளு இல்ல’ என்று வருகிறது. ஏரியை மனை போட்டு விற்று கோடி ரூபாய் வந்த கதை இது என்கிறாள் என் மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் சொல்வது சரி? – குடியாத்தம் வாசகர்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறுவதைத்தான் நம் பக்கம் ‘கோடி போவுது’ என்பார்கள். அது ஊரே கரைக்குப் போய்ப் பார்க்கிற சந்தோஷம். இரண்டாவது ‘கோடி’ துணி. இறந்தவருக்கு உறவுமுறைக்காரர்கள் கொண்டுவந்து போடும் புதுத் துணி. ஏரி நிரம்பிய நேரத்தில் அப்பன் போய்ச் சேர்ந்தான் என்பதுதான் வரி.

இதற்கு ஆதாரம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. விலையைச் சொல்ல வேண்டுமானால் ‘ஏரி கோடிக்குப் போச்சு’ என்று ‘-க்கு’ வந்தாக வேண்டும். ‘கோடி போச்சு’ என்று வெறுமனே நின்றால் அது தண்ணீர்தான். அடுத்தது அந்த வேட்டி. உயிரோடு இருக்கிற ஆள் புது வேட்டியைப் பிரித்துக் கட்டினால், இரண்டு அடி நடப்பதற்குள் கடை மடிப்பு கலைந்துவிடும். மேலே போர்த்தி வைத்த வேட்டிதான் மடித்த கோடு மாறாமல் கிடக்கும். ‘செத்துட்டார்’ என்ற சொல்லே இல்லாமல் சாவைச் சொன்ன வரி அது. மூன்றாவது வரியில் நாற்று நட ஆளில்லை. தண்ணீர் வந்துவிட்டது, ஆள்தான் இல்லை.

மகள் சொன்னதையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். ‘எங்கப்பனுக்குக் கோடி வந்துச்சு’ என்ற இடத்தில், பாட்டை முதல் தடவை கேட்கிற யாருக்கும் பணம்தான் நினைவுக்கு வரும். அதிர்ஷ்டம் அடித்தது என்று காது நம்பிக்கொண்டிருக்கும்போதே வேட்டி வந்து அதை உடைக்கிறது. எழுதியவர் வரிகளை இந்த வரிசையில் வைத்ததே அதற்காக இருக்கலாம். ஆகவே பணம் அந்த வரியின் பொருள் இல்லை, அதன் மேல் ஒரு நொடி விழுந்து போகும் நிழல் என்று மகளிடம் சொல்லுங்கள்.

அப்பன் எப்படி இறந்தார், தண்ணீரில் போனாரா, ஏரி நிரம்ப வேண்டுமென்று காத்திருந்தே போனாரா? நீங்கள் எழுதி அனுப்பிய வரிகளில் இதற்குப் பதில் இல்லை. இல்லாததை நாம் சேர்க்கக் கூடாது.

கேள்வி: ‘ராவெல்லாம் மழ, அவ வந்தா கதவு தொறந்தே கெடக்குது / வெளக்க இன்னும் அணைக்கல’ என்று ஒரு பாட்டு. வீடியோவில் ‘வந்தாள்’ என்று எழுத்து ஓடுகிறது, ஆப்பில் ‘வந்தால்’ என்று இருக்கிறது, என் காதில் ‘வந்தான்’ என்று விழுகிறது. எதை வைத்துப் பொருள் கொள்வது? – காட்பாடி கல்லூரி மாணவி

பதில்: பேச்சுத் தமிழில் வந்தாள், வந்தால் இரண்டும் ‘வந்தா’தான். ‘வந்தான்’ மட்டும் கடைசியில் மூக்கொலியாக நிற்கும். பாடும்போது அந்த மூக்கொலியும் கரைந்துபோனால் மூன்றும் ஒன்றாகிவிடும். இந்தச் சிக்கலில்தான் பாதிப் பேர் தப்பான பாட்டுக்குச் சரியான விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் திரையில் ஓடும் எழுத்தைப் பார்க்காதீர்கள். கண் படித்துவிட்டால் காது அதையே கேட்கும். இயர்போனில், யூடியூப் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக் கேளுங்கள். 0.5-க்குக் கீழே போனால் உயிரெழுத்துகள் இழுபட்டுக் குழம்பும், பயனில்லை. ‘தா’வை நீட்டி நிறுத்துகிற இடம் முக்கியம். வாய் திறந்தே முடிந்தால் ‘வந்தான்’ இல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். பிடிபடாத சொல்லுக்குக் கோடு போட்டு வையுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். அப்புறம் எழுத்தோடு ஒப்பிடுங்கள். பாடியவர்களே வீடியோவுக்குக் கீழே போட்ட வரிக்கு ஆப்பில் இருப்பதைவிட மதிப்பு அதிகம், ஆனால் அதிலும் தட்டச்சுப் பிழை இருக்கும்.

பிறகு மூன்று தாளில் மூன்று சொல்லையும் தனித்தனியே எழுதி, பாட்டின் கடைசி வரை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். எது முதலில் இடறுகிறதோ அதைத் தூக்கிப் போடுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு வரியில் ‘வந்தாள்’ இடறுகிறது: வந்துவிட்டவளுக்கு விளக்கு ஏன் ‘இன்னும்’ எரிகிறது? ‘வந்தால்’ என்று வைத்தால் விளக்கு, திறந்த கதவு, மழை மூன்றும் காத்திருப்பாகச் சேர்ந்துகொள்கின்றன. ‘வந்தால்’ என்றால் ‘கெடக்கும்’ என்றுதானே முடிய வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வந்த பிறகு கதவு திறக்கும் என்று அவர் சொல்லவில்லை. இப்போதே திறந்துதான் கிடக்கிறது, வருகிறவள் தட்ட வேண்டாம். என் வாக்கு ‘வந்தால்’ பக்கம். அடுத்த சரணத்தில் இதே மெட்டில் இதே இடத்தில் என்ன வினை வருகிறது என்றும் பாருங்கள், அது எதிர்காலமாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

கேள்வி: ‘என்ஜாய் எஞ்சாமி’யில் வரும் சாமி கடவுளா? – அரக்கோணம் வாசகர்

பதில்: கடவுளாக எனக்குக் கேட்கவில்லை. பாட்டி பேரனைக் கொஞ்சும்போது ‘எஞ்சாமி’ என்பாள். கூலி வேலைக்குப் போனவர்கள் நிலத்துக்காரரை ‘சாமி’ என்று அழைக்க வேண்டியிருந்த காலமும் உண்டு. பாசமும் பணிவும் ஒரே சொல்லில் ஏறியிருக்கின்றன.

2021 மார்ச்சில் வந்த இந்தப் பாட்டின் வரிகளை எழுதிய ராப் பாடகர் அறிவு உங்கள் அரக்கோணத்துக்காரர். தன் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று அவரே பொதுவில் சொல்லியிருக்கிறார். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகக் கணக்குப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மலையைத் தோட்டமாக்கியவர்களை எண்ணிப் பிரித்த கணக்கு. இது தெரியாமல் கேட்டால், பாட்டில் தோட்டம் போட்டவர் தாகத்தோடு நிற்கிற இடம் பொதுவான சோகமாகக் கடந்து போகும். தெரிந்து கேட்டால், தோட்டம் என்ற சொல்லே கனக்கிறது. பாட்டுக்கு வெளியே உள்ள தகவலைக் கொண்டுவரலாம், ஆனால் அது பாட்டுக்குள் இருக்கிற ஒரு சொல்லைத் திறக்க வேண்டும். இங்கே திறக்கிறது.

கேள்வி: ‘செருப்புல ஒட்டுன மண்ணத் தட்ட மனசில்ல’ என்ற வரியை, வேலைக்காக ஊரை விட்டுப் போகிறவனின் பாட்டாகவே கேட்டுவந்தேன். எழுதியவர் அது காதல் பிரிவு என்று பேட்டியில் சொல்லிவிட்டார். நான் கேட்டது தப்பா? – ஆம்பூர், ஷூ கம்பெனித் தொழிலாளி

பதில்: தப்பு இல்லை. எந்தச் சொல்லைப் பாடினார், எப்போது, எதை மனதில் வைத்து எழுதினார் என்பதில் அவர் பேச்சுதான் கடைசி. அந்த வரி வேறு எதையும் தாங்குமா என்பதை வரிதான் சொல்ல வேண்டும். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர். வள்ளுவரைக் கேட்டா எழுதினார்கள்?

பாட்டை முழுசாக எழுதி, உங்கள் பொருள் ஒட்டாத வரிகளுக்கு எதிரே புள்ளி வையுங்கள். சரணத்தில் ஒன்றிரண்டு புள்ளி விழுந்தால் பரவாயில்லை. பல்லவியில் விழுந்தால், அது பாட்டின் பொருள் இல்லை, பாட்டு உங்களுக்குள் கிளப்பிய நினைவு. அதுவும் மதிப்புள்ளதுதான், ஆனால் ‘எனக்கு இப்படிக் கேட்டது’ என்று சொல்லி வையுங்கள். இன்னொன்று: ஆம்பூரில் இருப்பதால் ‘செருப்பு’ என்றதும் தோல் தொழில், பாலாறு எல்லாம் உங்களுக்கு வரிசையாக வரும். மற்ற வரிகளில் தோல் வாடையே இல்லையென்றால் அதை ஏற்றாதீர்கள். நீங்கள் அனுப்பிய வரியின் உயிர் செருப்பில் இல்லை, தட்டப்படாத மண்ணில் இருக்கிறது.

கேள்வி: ‘தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயிலு’ என்று எங்கள் ஊரைப் பற்றி இன்னும் பாடுகிறார்களே, கோட்டைக்குள் சாமி இருக்கிறாரே? – வேலூர் வாசகி

பதில்: நெடுங்காலம் சாமி இல்லாமல் இருந்த கோட்டைக் கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் மறுபடி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதையும் பார்த்தீர்கள். பாட்டில் வருவது அதற்கு முந்தைய ஊர்ச்சொலவடை. ‘இல்லாத’ என்ற சொல்லுக்குக் காலம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். இருந்ததில்லை, இப்போது இல்லை இரண்டுக்கும் அதே சொல்தான். பக்கத்தில் வரும் வினைமுற்றுதான் காலத்தைச் சொல்லும். ‘தாத்தா சொல்லும்’ என்ற மாதிரி ஒரு வாய் அங்கே இருந்தால், அது பழைய வேலூரின் குரல். அப்படி எதுவும் இல்லாமல் இன்றைய ஊராகவே பாடியிருந்தால், எழுதியவர் கோட்டைக்குள் போய்ப் பார்க்கவில்லை.

கேள்வி: ஒரே பாட்டில் ‘எங்க தெரு’ என்றும் ‘நம்ம தெரு’ என்றும் மாறி வருகிறது. கவனக்குறைவா? – ஆரணி வாசகர்

பதில்: எங்கே மாறுகிறது என்று குறித்துப் பாருங்கள். ‘எங்க’ என்றால் கேட்கிற ஆள் வெளியே, ‘நம்ம’ என்றால் உள்ளே. முதல் இரண்டு சரணத்திலும் ‘எங்க’ என்று பாடி, கடைசிப் பல்லவியில் மட்டும் ‘நம்ம’ என்று வந்தால், அதுவரை வாசலில் நிறுத்தி வைத்த உங்களை அங்கேதான் வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள். கடைசிப் பல்லவியில் பின்குரல்களும் தாளமும் கூடிவிடுவதால் இந்த ஒரு சொல் எளிதில் தப்பிவிடும். சில பதிவுகளில் பின்குரல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். இயர்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, பிறகு மற்றதை மட்டும் வைத்துக் கேளுங்கள்.