மீன் தொட்டிச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு ஆசாரத்தில் மூன்று வருஷமாக இரண்டடி மீன் தொட்டி இருக்கிறது. மூடியோடு வந்த பழைய டியூப் லைட்தான் இன்னும் எரிகிறது. செடிகளில் வாலிஸ்நேரியா மட்டும் தப்பித்து நிற்கிறது. ஹைக்ரோஃபிலா வைத்தேன், உச்சியில் நான்கு இலை, கீழே வெறும் குச்சி. கடையில் 40 வாட் எல்.இ.டி. போடச் சொல்கிறார்கள். போடலாமா? – வாசகி, பெருந்துறை

பதில்: விளக்கை மாற்றலாம், ஆனால் 40 வாட் வேண்டாங்க.

'கீழே வெறும் குச்சி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வேண்டிய சேதி. வேப்பமரத்து நிழலில் விழுந்த சோளத்தட்டு வெளிச்சம் தேடி ஒல்லியாக வளருமில்லையா, அதேபோலத்தான் இதுவும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடி, அடி இலை உதிர்ந்தால் வெளிச்சப் பற்றாக்குறை. புது இலையே மஞ்சளாக வந்தால் அது வேறு, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. நம் பக்கத்து உப்புத் தண்ணியில் இது அடிக்கடி வரும். வாங்கி வந்த ஒன்றிரண்டு வாரத்தில் இலை கரைந்தால் இடம் மாறிய அதிர்ச்சி. இந்த இரண்டுக்கும் விளக்கை மாற்றிப் பயனில்லை. ஹைக்ரோஃபிலா நம் குளத்தோரத்து நீர்முள்ளியின் இனம். கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்ளும்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். தொட்டி மேல் கண்ணாடி மூடி இருந்தால் எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எங்கள் தொட்டி மூடியை ஒருநாள் அப்படிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. டியூபுக்கு நேர் கீழே ஒரு பட்டை முழுக்க, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. காற்றுக் குமிழி தெறித்துத் தெறித்து, தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் தங்கியிருந்தது. போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் மூன்று வருஷத்தில் இது கட்டாயம் படியும். வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் மேலே போட்டு வைத்துத் தேய்த்தால் வந்துவிடும். எலுமிச்சைச் சாறும் கேட்கும். நல்ல தண்ணியில் அலசிய பிறகு மாட்டுங்கள். சோப்பு மட்டும் வேண்டாம்.

சரி, இனி விளக்குக் கணக்கு. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். மணலும் மேலே விட்ட இடமும் போக 45 லிட்டர் என்று வையுங்கள். கரியமில வாயு ஏற்றாத தொட்டிக்கு லிட்டருக்கு 20 முதல் 30 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) போதும். உங்களுக்கு 900லிருந்து 1,350 வரை. இன்றைய எல்.இ.டி. வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும் என்பதால் 12 வாட்டில் வேலை முடிந்தது. 15 வாட்டே தாராளம். 40 வாட் என்றால் லிட்டருக்கு 90 லூமென் பக்கம் போகும். வாயு சிலிண்டர் வைத்து, வாரா வாரம் செடி வெட்டுகிறவர்களுக்கான அளவு அது.

'பழைய டியூபும் 18 வாட் ஆயிற்றே' என்று கேட்பீர்கள். டியூப் சுற்றிலும் எரிகிறது. பாதி வெளிச்சம் மூடிக்குள்ளேயே போய்விடும், வயசாக ஆக மங்கவும் செய்யும். எல்.இ.டி. அத்தனையையும் கீழே கொட்டுகிறது. இதை யோசிக்காமல், வாட்டுக்கு வாட் சரியாக இருக்கட்டும் என்று நான் 20 வாட் மாட்டினேன். முதல் வாரம் தொட்டி அத்தனை அழகு. இரண்டாம் வாரம் அனுபியாஸ் செடியின் இலை விளிம்பில் பூனை முடி மாதிரி பச்சை நூலாகப் பாசி கிளம்பியது. அப்புறம் இலை தெரியவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி எடுத்தும், முழுதாக அடங்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த அனுபியாஸ் நான்கு வருஷமாக வளர்த்தது. பாதி இலையை வெட்டிப் போட்டபோது மனசு கேட்கவில்லை.

மஞ்சள் காட்டில் தண்ணீரை மட்டும் பாய்ச்சி எரு போடாமல் விட்டால் களைதானே முந்திக்கொள்ளும்? தொட்டியில் வெளிச்சத்தைக் கூட்டி, சத்தையும் வாயுவையும் கூட்டாவிட்டால் முந்துவது பாசி. அதனால் புது விளக்கை முதல் வாரம் 5 மணி நேரம் மட்டும் போடுங்கள். பாசி வரவில்லை என்றால் வாரம் அரைமணி கூட்டி 7 மணியில் நிறுத்துங்கள். நீர்ச்செடி உரம் வாரம் ஒருமுறை, பாட்டிலில் சொன்னதில் பாதி போதும். தோட்டத்துச் சாளையில் இருக்கிற யூரியாவை ஒரு சிட்டிகைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும்.

வாங்கும்போது 6,500 கெல்வின் வெள்ளை, அதாவது பகல் வெளிச்சம் மாதிரியான நிறம், கேளுங்கள். ஊதா ரோஸ் நிற விளக்கிலும் செடி வளரும், ஆனால் மீன் பார்க்கிற சந்தோஷம் போய்விடும். 15 வாட்டை 7 மணி நேரம் எரித்தால் இரண்டு மாத பில்லில் ஆறேழு யூனிட்தான்.

கேள்வி: டைமர் போட்டும் லைட் கண்ட நேரத்தில் எரிகிறதே? – பிளஸ் டூ மாணவர், கோபி

பதில்: தம்பி, உங்களுடையது சக்கரம் சுற்றுகிற டைமராக இருக்கும். கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 5 மணிக்குக் கொடுத்தால், 8 மணி நேரம் பின்தங்கிவிடும். உள்ளே பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். நீங்கள் வீட்டில் இருந்து பார்க்கிற நேரமாக, மாலை 4 முதல் இரவு 10 வரை வைத்துக்கொள்ளுங்கள். பகலில் விளக்கு இல்லையே என்று செடி வாடாது.

கேள்வி: விளக்கே வேண்டாமென்று ஜன்னலோரம் வைத்துவிட்டால்? – வாசகர், தாராபுரம்

பதில்: உங்கள் ஊர் சித்திரை வெயிலிலா? வேண்டாங்க. தண்ணீர் சுட்டு, பாசி பிடித்து, பத்து நாளில் பச்சைக் குழம்பாகிவிடும். நேர் வெயில் படாத வடக்கு ஜன்னல் என்றால் வாலிஸ்நேரியாவும் ஜாவா ஃபெர்னும் மட்டும் வைத்துப் பார்க்கலாம்.