‘2 டன் தாங்கும்’ கயிறும் நிமிர்ந்துபோன கொக்கியும்: வாசகர் கேள்வி-பதில்

ஐப்பசி நெருங்கினாலே வீட்டுமேல் சாய்ந்து நிற்கிற மரம் பற்றிய கடிதங்கள்தான். கயிறு, கப்பி, வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) வாங்குவது சம்பந்தப்பட்டவற்றை மட்டும் சுருக்கி எடுத்திருக்கிறேன்.

கேள்வி: கஜா புயலில் தப்பிய தென்னை ஒன்று வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் இழுத்துச் சாய்க்க ஆன்லைனில் 12 மி.மீ. பிளாஸ்டிக் கயிறு வாங்கினேன். ‘2 டன் தாங்கும்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? – பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: அந்த 2 டன் முழுப் பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டிவிட்டுப் போய்விடலாம். 12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு, புதுசாக, முடிச்சில்லாமல், நேராக இழுக்கும்போது ஏறக்குறைய 2 டன்னில் அறுந்துபோகும். அறுந்துபோகிற கணக்கை எடுத்து ‘தாங்கும்’ என்று அச்சடித்து விற்கிறார்கள், பல வருஷமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் பாதிவரை குறையும், அங்கேயே 1 டன் ஆகிவிட்டது. அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றாமல் இருப்பதுதான் பத்திரம். ஆக உங்கள் கையில் இருப்பது 200 கிலோ கயிறு. அதையும் ரெண்டு கோடை மொட்டைமாடியில் வெயிலில் போட்டிருந்தால், கையால் உருவிப் பாருங்கள், சிலும்பு சிலும்பாகத் தூள் உதிரும். அப்படி உதிர்ந்தால் துணி காயப்போடக் கொடி கட்டத்தான் ஆகும்.

நைலான் வாங்கலாமே என்பீர்கள். பலம் அதிகம்தான், ஆனால் நன்றாக நீளும். நீண்ட கயிறு அறுந்தால் முனை திரும்பி வருகிற வேகத்தில் எதிரில் நிற்பவர் முகம் போய்விடும். இழுக்கும் வேலைக்கு அவ்வளவாக நீளாத பாலியெஸ்டர் மேல். கடையில் ‘எத்தனை டன்’ என்று கேட்காதீர்கள், ‘வொர்க்கிங் லோடு (பத்திரமாக ஏற்றக்கூடிய சுமை) எவ்வளவு, எங்கே எழுதியிருக்கிறது’ என்று கேளுங்கள். மரத்தைச் சுற்றிக் கட்டுகிற தூக்கு பெல்ட்டில் இந்தக் கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், தையலோடு ஒரு சீட்டும் இருக்கும். சீட்டு இல்லாத பெல்ட்டைத் தொடாதீர்கள்.

அப்புறம், வீட்டுப் பக்கம் சாய்ந்த தென்னையை எதிர்ப்பக்கம் இழுத்து விழவைப்பது நீங்களும் மச்சானும் ஞாயிற்றுக்கிழமை செய்கிற வேலை இல்லை. ஏறத் தெரிந்தவரை வைத்து முதலில் கொண்டையை இறக்கி, பிறகு தண்டைத் துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். ஓரடி விட்டமுள்ள பச்சைத் தண்டில் ஒரு மீட்டர் துண்டே அறுபது கிலோவுக்குக் குறையாது. அது ரெண்டடி விழுந்து கயிற்றில் ‘டக்’கென்று நிற்கும்போது விழுகிற இழுவை அந்த எடையைப்போலப் பல மடங்கு.

கேள்வி: கிணற்றுக் கயிறும் பழைய இரும்புக் கப்பியும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. போதாதா? – ஈரோடு வாசகர்

பதில்: தண்ணீர் இறைக்கப் போதும்.

கப்பி பற்றி இன்னொன்று. கயிற்றைக் கப்பியில் போட்டு வந்த வழியே திருப்பி இழுத்தால், கப்பியின் மேலும் அது கட்டியிருக்கிற மரத்தின் மேலும் நீங்கள் இழுப்பதைப்போல ரெண்டு மடங்கு சுமை விழும். எல்லோரும் கயிற்றுக்குச் செலவழித்துவிட்டுக் கப்பியில் கஞ்சத்தனம் காட்டுவார்கள். நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பளபளவென்று குரோம் பூச்சு. சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற சந்து. இழுத்தவுடன் கயிறு அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இப்போது கதவு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. வாங்கும்போது உங்கள் கயிற்றையே கடைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: 4 டன் கை வின்ச் வாங்கினேன். ஒன்றரை மீட்டர் இழுத்ததும் கம்பி தீர்ந்துவிட்டது. மறுபடி கட்டி இழுத்தபோது கொக்கி நிமிர்ந்து, மரம் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் விழுந்தது. ‘ரிட்டர்ன் 7 நாள்தான்’ என்கிறார் விற்றவர். – தாம்பரம் வாசகர்

பதில்: ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். இந்த வகை வின்ச்சுகளில் போட்டிருக்கும் டன் பெரும்பாலும் கம்பியை மடித்து ரெட்டையாகப் போட்டால் வரும் கணக்கு. ஒற்றையில் பலம் பாதி, ரெட்டையில் இழுக்கும் நீளம் பாதி. இதைப் பெட்டியில் சொல்லாமல் விற்பது உங்கள் குற்றம் இல்லை.

7 நாள் என்பது அவர்கள் கடை வழக்கம், சட்டம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளுக்கு ரெண்டு வருஷத்துக்குள் புகார் செய்யலாம். பொருளின் குறையால் வேறு சொத்து சேதமானால் அதற்கும் இழப்பீடு கேட்கலாம், ஆக காம்பவுண்டும் கணக்கில் வரும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நிமிர்ந்த கொக்கியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதைத் திருப்பி அனுப்பவும் கூடாது. விற்பனைப் பக்கத்தில் ‘4 டன்’ என்று இருப்பதை அவர்கள் மாற்றும் முன் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். ‘தவறாகப் பயன்படுத்தினார்’ என்று வாதாடுவார்கள், அதனால் எங்கே எப்படிக் கட்டினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: 40 அடி வேம்பு. 15 மீட்டர் கயிறு தாராளம் என்கிறார் கடைக்காரர். – நாகர்கோவில் வாசகர்

பதில்: கடைக்காரர் இழுக்க வரப்போவதில்லை. மூன்றில் ரெண்டு பங்கு உயரத்தில், அதாவது 27 அடியில் கட்டுகிறீர்கள். 15 மீட்டர் என்பது 49 அடி. சாய்வாக வரும் கயிறு, முடிச்சுக்குப் போனது எல்லாம் கழித்தால் அடிமரத்திலிருந்து 40 அடிக்குள்தான் நிற்பீர்கள். சரியாக உச்சிக்கிளை வந்து விழுகிற இடம். மரத்தின் உயரத்தைப்போல ரெண்டு மடங்கு தள்ளி நில்லுங்கள், 30 மீட்டர் வாங்குங்கள்.

கேள்வி: பொலேரோவில் கட்டி இழுத்தால் சீக்கிரம் முடியுமே? – மதுரை வாசகர்

பதில்: முடியும். எது முடியும் என்பதுதான் கேள்வி.

கேள்வி: மரம் வெட்டுபவர் செயின் பிளாக்கை என்னையே வாங்கித் தரச் சொல்கிறார். – கரூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். அது சங்கிலியால் நேர் மேலே தூக்குவதற்கு, படுக்கவைத்து இழுப்பதற்குக் கைப்பிடியை ஆட்டி இழுக்கிற லீவர் பிளாக் வேண்டும். வித்தியாசம் தெரியாதவரிடம் மரத்தைக் கொடுக்கலாமா என்றும் யோசியுங்கள். லீவர் பிளாக் வாடகைக்குக் கிடைக்கும், எடுக்கும்போது கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, நாக்கு மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: கிளை மின்கம்பியை ஒட்டி இருக்கிறது. நைலான் கயிறு கரண்ட் கடத்தாது என்று போட்டிருக்கிறதே? – கடலூர் வாசகர்

பதில்: காய்ந்த கயிற்றுக்கு அப்படிப் போட்டிருப்பார்கள். நனைந்த, மண்ணில் புரண்ட கயிறு கடத்தும், பச்சைக் கிளையும் கடத்தும். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்துங்கள். எந்தக் கயிறு வாங்கலாம் என்று அதற்கப்புறம் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.