ஐரோப்பா போல ஆசியானிலும் பொதுவான தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வருமா?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டில் தொழில் படித்தவர் இன்னொரு நாட்டில் போய் வேலை பார்க்கிறார். தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் ஏன் தொழிற்பயிற்சியை அப்படி ஒருங்கிணைக்கவில்லை? சிங்கப்பூருக்கு இதில் என்ன பங்கு?

நான் சிங்கப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஊழியர்களின் வேலை பெர்மிட், பயிற்சிப் பதிவுகளைப் பார்ப்பவன். அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், ஐரோப்பாவில் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்பது பாதிதான் உண்மை. பொதுவான தொழிற்பயிற்சிக் கொள்கை வேண்டும் என்று 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் இன்றைய ஒப்பந்தத்தின் 166ஆம் பிரிவு, ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்குத் துணை நிற்கலாம், அவற்றின் சட்டங்களை ஒரே மாதிரி ஆக்கக் கூடாது என்கிறது. அதனால் 2002 கோபன்ஹேகன் அறிவிப்பிலிருந்து அவர்கள் வேறு வழியில் போனார்கள். பாடத்திட்டத்தைத் தொடவில்லை. படித்து முடித்தவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய வரும் என்பதை எல்லா நாடுகளும் ஒரே அளவுகோலில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 2008இல் வந்த எட்டு நிலைத் தகுதிச் சட்டகம் அதற்காகத்தான். பயிற்சிப் புள்ளிகளை நாடு விட்டு நாடு கொண்டுபோகும் ஒரு திட்டத்தையும் 2009இல் தொடங்கினார்கள். அது எடுபடவில்லை. 2020இல் கைவிட்டார்கள்.

அளவுகோலே எவ்வளவு பெரிய சண்டை என்பதற்கு ஜெர்மனியைப் பாருங்கள். மூன்று, மூன்றரை ஆண்டு தொழிற்கூடத்திலும் பள்ளியிலுமாகப் பயின்ற தொழிலாளியை நான்காம் நிலையில் வைத்தார்கள். கல்வி அமைச்சர்களோ பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூர் அதற்கு ஒரு படி மேல் என்றார்கள். முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே மறுத்தார்கள். தீர்வு வராமல் 2012இல் அபிட்டூரையே பட்டியலுக்கு வெளியே வைத்து, 2017இல்தான் அதையும் நான்காம் நிலையில் சேர்த்தார்கள். தொழில் தேர்ச்சியின் உச்சமான மைஸ்டர் பட்டமும் பல்கலைக்கழக இளநிலைப் பட்டமும் அங்கே ஒரே ஆறாம் நிலை. இதை நம்மூர்ப் பெற்றோரிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

ஆசியானிலும் காகிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. இங்கேயும் எட்டு நிலைச் சட்டகம்தான், 2015க்குள் அமைச்சர்கள் ஏற்றுக்கொண்டது. 2005இல் பொறியியல், 2006இல் தாதிமை என்று தொடங்கிய, ஒரு நாட்டின் தகுதியை மற்ற நாடுகளும் ஏற்பதற்கான பரஸ்பர அங்கீகார உடன்பாடுகளும் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மருத்துவர், கட்டடக் கலைஞர், கணக்காளர் போன்றவர்களுக்கானவை. ஹோட்டல் அறைப் பராமரிப்பு, சமையல் போன்ற வேலைகளைத் தொடும் சுற்றுலா உடன்பாடு ஒன்றுதான் கொஞ்சம் விலக்கு. எல்லை தாண்டிப் போகிறவர்களில் பெரும்பாலோர் வெல்டர், கம்பி கட்டுபவர், வீட்டுப் பணிப்பெண். அவர்களுக்கு இந்த உடன்பாடுகளில் இடமே இல்லை.

சிங்கப்பூர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஆசியானுக்கு வெளியிலிருந்தும் ஆள் எடுப்பதால் தன் தேர்வையே அந்த ஊர்களுக்குக் கொண்டுபோய்விட்டது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ‘சிங்கப்பூர் டெஸ்ட் அடிச்சாச்சா?’ என்று கேட்பது இதைத்தான். கட்டட, கட்டுமான ஆணையம் வகுத்த திறன் தேர்வு, இந்தியாவிலும் பங்களாதேஷிலும் உள்ள மையங்களில் நடக்கிறது. தேறினால் பெர்மிட்டுக்கு வழி. ஊரில் தொழிற்பயிற்சி நிலையமான ஐடிஐயில் இரண்டு வருடம் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி, இந்தியாவின் தேசியச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு என் மேசையில் வைத்தார். “இதுக்கு இங்க மதிப்பே இல்லையாண்ணே?” என்றார். பெர்மிட் கணக்கில் அதற்கு இடமில்லை. அவர் இங்கே ஒயரிங் பதிவில் இருப்பது சில வாரப் பயிற்சியில் அடித்த டெஸ்டால்தான். சுயமாக வேலை எடுத்துச் செய்ய எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும், அது முற்றிலும் வேறு பாதை.

இது ஒருங்கிணைப்பு இல்லை. வாங்குபவரே தராசு வைத்திருக்கும் ஏற்பாடு. ஆனாலும் ஓடுகிறது, ஏனென்றால் பின்னால் காசு இருக்கிறது. 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி, உயர்திறன் ஊழியருக்கு 500. ஒரு ஆளுக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம் என்றால் எந்த முதலாளி பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்? சில ஆண்டு அனுபவத்துடன் இரண்டாவது தொழிலிலும் தேறுவது உயர்திறனுக்கு ஒரு வழி. அதனால் டைல்ஸ் போடுபவர் ஞாயிற்றுக்கிழமை பிளம்பிங் பழகுகிறார். ஐரோப்பாவில் எத்தனையோ அறிவிப்புகள் செய்யாத வேலையை இங்கே ஒரு தீர்வைப் பட்டியல் செய்கிறது. குறை என்னவென்றால், ஊரில் படித்த இரண்டு வருடம் வீண். டெஸ்டுக்கான செலவும் பெரும்பாலும் தொழிலாளியின் கடனில்தான் போகிறது.

உண்மையான கூட்டு முயற்சிக்கு வாய்ப்பு இருந்தால் அது பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரில்தான். தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார ஒப்பந்தமும் ஆனது. மலேசியாவில் படிநிலைகள் கொண்ட திறன் சான்றிதழ் முறை ஏற்கெனவே இருக்கிறது. இங்கே தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் நைடெக் சான்றிதழ் இருக்கிறது. இரண்டின் பாடத்தையும் ஒன்றாக்கத் தேவையில்லை. குளிர்சாதனப் பராமரிப்பு போல ஒரே ஒரு தொழிலை எடுத்து, இரு பக்கத் தேர்வாளர்களும் ஒரே அறையில் நின்று ஒரே ஆளை மதிப்பிடட்டும். அதில் தேறியவருக்குச் சிங்கப்பூர் தீர்வையைக் குறைக்கட்டும். சலுகை இல்லாமல் சான்றிதழ் மட்டும் கொடுத்தால், அதையும் யாராவது பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் வைத்திருப்பார்கள்.