சம்பளச் சீட்டில் இரண்டு பிடித்தம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி (வாசகி, அல்சூர், பெங்களூரு): என் சம்பளத்தில் வருமான வரி போக, தொழில் வரி என்று மாதம் 200 ரூபாய் பிடிக்கிறார்கள். பிப்ரவரியில் 300. ஒரே சம்பளத்துக்கு இரண்டு வரி போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா?

பதில்: இரண்டு வரியையும் நாடாளுமன்றமே போடுவதில்லை. எந்த வரியை யார் போடலாம் என்று பிரித்துச் சொல்லும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 82-ஆம் இனம் வருமான வரியை நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. விவசாய வருமானம் மட்டும் அதில் சேராது. தொழில் வரி, மாநிலப் பட்டியலின் 60-ஆம் இனம். அதைப் போட்டது கர்நாடக சட்டமன்றம்.

'இதுவும் வருமானத்தின் மேல் விழும் வரிதானே' என்ற உங்கள் சந்தேகத்துக்கு அரசியல் சாசனத்திலேயே பதில் இருக்கிறது. வருமானத்தோடு சம்பந்தப்பட்டது என்பதற்காகத் தொழில் வரிச் சட்டம் செல்லாமல் போகாது என்கிறது 276-ஆம் பிரிவு. கூடவே கடிவாளமும் உண்டு: ஒருவரிடம் வருஷத்துக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று முதலில் இருந்தது. 1988-இல் 60-ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. இன்றைக்கும் அதுதான் உச்சவரம்பு. உங்கள் சீட்டுகளைக் கூட்டிப் பாருங்கள்: 11 மாதம் 200, பிப்ரவரி 300, சரியாக 2,500 வரும். முன்பு 12 மாதமும் 200 வீதம் 2,400 தான். 2025-இல் கர்நாடகத் தொழில் வரிச் சட்டத்தைத் திருத்தி மீதி 100-ஐயும் சேர்த்துவிட்டார்கள். இனி ஒரு ரூபாய் கூட்டவும் சாசனத்தைத் திருத்தியாக வேண்டும்.

மாதச் சம்பளம் 25,000-க்குக் கீழே என்றால் கர்நாடகத்தில் இந்தப் பிடித்தமே கிடையாது; பிடித்திருந்தால் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உடனே கேளுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், கட்டிய தொழில் வரியைச் சம்பளத்தில் கழித்துக் காட்டலாம். புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை. முறை மாறியவர்கள் பழைய ஞாபகத்தில் ரிட்டர்னில் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி (வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு): சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி கூடாது என்கிறது 265-ஆம் பிரிவு. பட்ஜெட் அன்று நள்ளிரவே சுங்க வரி கூடிவிடுகிறதே, எப்படி?

பதில்: அந்த நள்ளிரவு வசூலுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. தற்காலிக வரி வசூல் சட்டம் என்று பெயர். 1931-ஆம் வருஷச் சட்டம் இருந்த இடத்தில் 2023-இல் புதுச் சட்டம் வந்தது. சுங்கம், எக்சைஸ் இரண்டுக்கும்தான் அது பொருந்தும். வரியைக் கூட்டும் மசோதாவிலேயே, அது உடனே அமலுக்கு வரும் என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். 75 நாளுக்குள் மசோதா சட்டமாகாவிட்டால் அந்த வசூல் நின்றுவிடும். கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): வருமான வரியோடு சேரும் 4 சதவீத செஸ்ஸில் கர்நாடகத்துக்குப் பங்கு வருமா?

பதில்: வராது. வரி 1,00,000 என்றால் செஸ் 4,000. அந்த ஒரு லட்சம், வசூல் செலவு போக, மாநிலங்களோடு பங்கிடும் தொகையில் சேரும். அதில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் பிரியும். செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் போடும் இந்தக் கூடுதல் வரிகளை 270-ஆம் பிரிவு அந்தப் பங்கீட்டிலிருந்து விலக்கிவிட்டது. வரியைக் கூட்டாமல் செஸ்ஸைக் கூட்டினால் மாநிலங்களுக்கு ஒரு பைசாவும் கூடாது. மாநிலங்களின் இந்தக் குறை நியாயமானது என்றே நினைக்கிறோம்.